இந்தியாவிலிருந்து மனைவியை சுங்கை சிப்புட்டுக்கு அழைத்து வர, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பால்மரத்துப்பையன்
2025 பிப்ரவரி 9, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். வயது 31. அம்மாவும் நானும் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பெண்ணோடு எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. அம்மா வழியில் தூரத்து உறவு. இரண்டு வருடமாகப் போனில் பேசிப் பழகித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

ஆவணியில் அங்கே கோவிலில் கல்யாணம். அதற்குப் பிறகுதான் குழப்பம். மாமா சொல்கிறார்: "ஊர் அறியத் தாலி கட்டினால் போதும், 30 நாள் விசா இல்லாமல் வரலாமே, கூட்டிக்கொண்டு வந்துவிடு, பதிவெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." ஓர் ஏஜெண்டு 4,500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அவளுடைய பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்க வேண்டுமாம்.

எனக்கு எது சரி என்று தெரியவில்லை. வந்தவள் பயந்து பயந்து இருக்கக் கூடாது. அது மட்டும்தான் என் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ லாரிக்காரர்
2025 பிப்ரவரி 9, இரவு 11:48

தம்பி, கேட்டதே நல்லது. நான் கேட்காமல் செய்து பல மாதம் அலைந்தவன். என் வீட்டுக்காரி நாமக்கல். 2019-இல் அழைத்து வந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விசா இல்லாமல் 30 நாள் என்பது 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்குக் கொடுத்த சலுகை. 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். அது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. குடும்பம் நடத்த வருகிறவர்களுக்கு வேறு பாஸ் இருக்கிறது: நீண்டகால சமூக வருகை பாஸ். நாம் எல்லாரும் 'ஸ்பௌஸ் விசா' என்று சொல்வது அதைத்தான். மலேசியக் குடிமகனான நீங்கள்தான் அதற்கு உத்தரவாதி. நீங்கள் இல்லாமல் அவர் மட்டும் போய் விண்ணப்பிக்க முடியாது. புதுப்பிக்கும்போதும் கூட நிற்க வேண்டும்.

அந்தப் பாஸுக்கு அடிப்படை கல்யாணச் சான்றிதழ். அது இல்லையென்றால் எதுவுமே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாமக்கல்லில் கல்யாணம் முடிந்த கையோடு நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள். நான் மறுபடி விமானம் ஏறிப் போய் 140-ஆவது நாளில் பதிந்தேன். பத்து நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

நீங்கள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்பதால் அங்கே 'மணமாகாதவர்' என்ற சான்று கேட்பார்கள். அதை இங்கே தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னில் வாங்கி, புத்ராஜெயாவில் நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் முத்திரை குத்திக் கொண்டுபோங்கள். சில சார் பதிவாளர்கள் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் பதிவோம் என்பார்கள். அப்படியானால் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன் பெண் வீட்டாரை அந்த அலுவலகத்துக்கு அனுப்பி, எந்தச் சட்டப்படி, என்னென்ன காகிதம் என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மாநில அரசு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு சென்னையில் உள்ள நம் துணைத்தூதரகம் என்று மூன்று இடத்தில் சான்றொப்பம். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு. அப்புறம் கல்யாண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்கே ஜேபிஎன்னிலும் பதிய வேண்டும். இந்த ஆறு மாதக் கணக்கை வீட்டில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஏஜெண்டு விஷயம்: பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். தொலைந்தால் அழப்போவது அவள்.

கெடா தம்பி
2025 பிப்ரவரி 10, காலை 6:55

எல்லா ஏஜெண்டும் மோசமில்லை அண்ணே. என் நண்பன் ஷிப்ட் வேலைக்காரன், லீவு கிடைக்காது, பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பத் தெரியாது. ஏஜெண்டுதான் முடித்துக் கொடுத்தார். 4,500 அதிகம்தான், பேசினால் குறையும்.

பழைய கிராணி
2025 பிப்ரவரி 10, மதியம் 2:10

தம்பி பால்மரத்துப்பையன், நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். முப்பது வருடத்துக்கு மேல் ஆபீசில் இருந்தவன். பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று ஆட்களுக்குப் பாரம் நிரப்பியே கை தேய்ந்தது. உங்கள் மாமா சொன்ன "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஓர் ஆள் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்தார். வந்தாள், தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள், முழுத் தோட்டமும் சாப்பிட்டது. பதிவு இல்லை. 1982 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் இந்துக்கள் உட்பட முஸ்லிம் அல்லாதார் கல்யாணம் எல்லாம் 164-ஆவது சட்டமான கல்யாண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தால்தான் செல்லும். அவருக்கும் தெரியும். நானே சொன்னேன். "அடுத்த மாதம் போறேன் ஐயா" என்பார். அடுத்த மாதம் வரவே இல்லை. இதற்கிடையில் ஒரு பையன் பிறந்தான்.

பிறக்கும்போது பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்றால், பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். அப்பா குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்தாலும் சரி, பிள்ளை தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பிறந்திருந்தாலும் சரி. பிறகு அவர்கள் ஓடிப்போய்ப் பதிவு செய்தார்கள். பையனுக்கு அது உதவவில்லை. பிறந்த தேதிக்குப் பிந்திய தேதி அல்லவா அது.

அந்தப் பையனை நான் மறக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. 12 வயதானதும் பிள்ளைகளை மைகார்ட் என்ற அந்த அடையாள அட்டை எடுக்க ஜேபிஎன்னுக்குக் கூட்டிப் போனார்கள். தலைசீவி, சட்டை மாற்றி எல்லாரும் பஸ் ஏறினார்கள். இவன் மட்டும் வகுப்பில் இருந்தான். அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, "தாத்தா, எனக்கு எப்போ?" என்று கேட்டான். மேஜை மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். விரலில் மை ஒட்டியிருந்தது, பேனா மை. நான் பதில் சொல்லவில்லை. அவனுக்காகப் போட்ட விண்ணப்பங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன.

இந்தியாவில் சடங்கோடு நடந்த கல்யாணம் அங்கே சட்டப்படி செல்லும் என்று உங்கள் மாமா வாதாடலாம். சரி, செல்லட்டும். ஆனால் இங்கே கவுண்டரில் இருப்பவர் கேட்பது சான்றிதழை. கல்யாண ஆல்பத்தை அல்ல. தாலிக்கு நாள் பார்ப்பது போலப் பதிவுக்கும் நாள் பாருங்கள்.

என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். பாட்டி ஊரிலேயே இருந்தார், பிறகு வருவதாக ஏற்பாடு. 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது, வரவே முடியாமல் போயிற்று. மகனை மறுபடி பார்க்காமலே இறந்தார். காகிதத்தை நான் பெரிதாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பால்மரத்துப்பையன்
2025 பிப்ரவரி 10, இரவு 11:05

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மாமாவுக்கு உடனே போன் செய்துவிட்டார்கள். ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். 30 நாள் சலுகையில் அவளை இங்கே வரவழைத்து, முதலில் இங்கேயே ஜேபிஎன்னில் பதிந்துவிட்டால் என்ன? அங்கே மூன்று இடத்தில் சான்றொப்பம் வாங்கும் அலைச்சல் மிச்சம்தானே?

பீடோர் அக்கா
2025 பிப்ரவரி 11, காலை 9:30

தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே பதிவதென்றால் நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரும் அந்தந்தப் பதிவு வட்டாரத்தில் ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் 21 நாள் ஒட்டியிருக்கும். 7 + 21 = 28. கையில் இருப்பது 30. நடுவில் ஒரு பொது விடுமுறை, ஒரு காகிதக் குறை, அவ்வளவுதான், முடிந்தது. நோட்டீஸ் இல்லாமல் நடத்த லைசென்ஸ் என்று ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அதோடு அவரும் மணமாகாதவர் சான்றை இந்தியாவில் வாங்கி, சான்றொப்பம் போட்டுத்தான் வர வேண்டும். அலைச்சல் மிச்சம் என்று சொல்ல முடியாது.

என் கதை உங்களுக்கு நேர்மாறு. நான் மலேசியர், கணவர் தமிழ்நாடு. இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பெர்மிட்டில் இருந்தார். வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்டில் இருக்கும்வரை இங்கே கல்யாணம் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்! தோட்டப்புறத்தில் இப்போது வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள் என்கிற மாதிரித்தானே இருக்கிறது, பழக்கம் வரத்தான் செய்யும். பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும்: கோவிலில் தாலி கட்டிவிட்டால் ஜேபிஎன் சரிபண்ணிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

நாங்கள் பொறுத்தோம். அவர் பெர்மிட்டை முடித்துக்கொண்டு ஒழுங்காக ஊர் திரும்பினார். நான் போய் அங்கே 2014-இல் கல்யாணம் செய்து, பதிந்து, இங்கே பதிந்து, பாஸ் எடுத்து, அவர் திரும்பி வர 11 மாதம். அந்த 11 மாதமும் நான் அவருடைய ஷேவிங் கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், மனசில் இருப்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டு மனைவிக்கு அரசியலமைப்பின் 15(1)-இல் குடியுரிமை கேட்க வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கணவருக்கு அந்த வழி இல்லை. அதே நாடு, அதே ஐசி, நான் பெண் என்பதால் என் கணவர் வேறு வரிசையில் நிற்கிறார். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கும் இதே கதை. அதை மாற்றும் திருத்தம் 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் 206 ஓட்டில் நிறைவேறியபோது நான் சமையலறையில் நின்று அழுதேன். என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் அழுதேன்.

கூலிம் மெக்கானிக்
2025 பிப்ரவரி 11, மாலை 5:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தோழி இந்தோனேசியப் பெண், முஸ்லிம். இதே வழிதானா?

பீடோர் அக்கா
2025 பிப்ரவரி 11, மாலை 6:02

இல்லை தம்பி. ஒருவர் முஸ்லிம் என்றால் 164-ஆவது சட்டமே பொருந்தாது. மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டம், மத இலாகா என்று அது முழுக்க வேறு பாதை, மதமாற்றம் இல்லாமல் இங்கே அந்தக் கல்யாணத்தைப் பதிய முடியாது. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். தனி இழை தொடங்குங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

பட்டுக்கோட்டை மருமகள்
2025 பிப்ரவரி 12, மதியம் 1:40

எல்லாரும் காகிதம் பற்றி எழுதிவிட்டீர்கள். வந்தவள் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். பட்டுக்கோட்டையிலிருந்து 2017-இல் இந்தப் பக்கம் வந்தவள்.

தம்பி, உங்கள் மனைவி வந்து இறங்கும்போது பேசுவது தமிழாகத்தான் இருக்கும், ஆனாலும் பாதி புரியாது. "பசியாறிட்டியா?" என்று மாமியார் காலையில் கேட்டபோது, ராத்திரி பட்டினி கிடந்தேனா என்று கேட்கிறார் போல என்று நினைத்தேன். காலைச் சாப்பாடு ஆச்சா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்கிறார்கள். காடி என்றால் கார், வெள்ளி என்றால் காசு என்று பழக ஒரு மாதம். மலாய் சுத்தமாகத் தெரியாது. நீங்கள் ஷிப்டுக்குப் போய்விட்டால் சுற்றிச் செம்பனை மரம்தான். நாலு மணிக்கு மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் போன் பேசக்கூட முடியாது. நான் முதல் ஆறு மாதம் தினமும் அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து, எங்கள் ஊரில் இப்போது மணி ஒன்றரை, அம்மா சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

என் பாஸில் வேலை செய்யத் தடை என்று முத்திரை இருந்தது. ஊரில் நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கி டியூஷன் எடுக்கக்கூடப் பயம். பிறகுதான் தெரிந்தது, வேலை கொடுப்பவரின் கடிதத்தோடு இமிகிரேசனில் தனியாக அனுமதி கேட்கலாம் என்று. என் கணவருக்கு அது தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நீங்கள் கேளுங்கள். படித்த பெண்ணைச் சும்மா உட்கார வைப்பது சுலபமில்லை.

அப்புறம் பாஸ்போர்ட். என் மாமனார் நல்ல மனிதர். பத்திரமாக இருக்கட்டும் என்று என் பாஸ்போர்ட்டை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒருநாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஊரிலிருந்து போன் வந்தது. மாமனார் தைப்பிங்கில் ஒரு துக்க வீட்டில் இருந்தார், சாவி அவர் பாக்கெட்டில். மூன்று மணி நேரம் அந்தப் பீரோ முன்னால் நின்றேன். அன்றைக்கு விமானம் கிடைக்கவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பாஸ்போர்ட் என் அலமாரியில்.

அவளுடைய பாஸ்போர்ட் அவளிடம் இருக்கட்டும். பாஸ் ஒட்டிய பக்கத்தை நகல் எடுத்துக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், ரோட்டில் கேட்டால் காட்டலாம்.

மலாய் கற்றுக்கொடுங்கள், முதல் வாரத்திலிருந்தே. நான் சந்தையில் மீன் விற்கிற மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) தான் கற்றேன். கெம்போங் மீன் எடுத்தால் எண்ணி எண்ணிச் சொல்லுவார், சத்து, டுவா, தீகா என்று. நாளைக்குக் குடியுரிமை கேட்கும்போதும் மலாய் தெரிய வேண்டும்.

கெடா தம்பி
2025 பிப்ரவரி 12, இரவு 9:20

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அந்த நண்பனிடம் பேசினேன். ஏஜெண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க ஏழு வாரம் ஆனதாம், நடுவில் பாஸ் காலாவதியாக நாலு நாள்தான் இருந்ததாம். எனக்கு அதை அவன் சொன்னதே இல்லை. நான் முன்னே எழுதியதைத் தம்பி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் கிராணி ஐயா மாதிரி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்மரத்துப்பையன்
2025 பிப்ரவரி 13, காலை 7:40

பட்டுக்கோட்டை அக்கா, உங்கள் பதிலை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "இந்த அக்கா வீடு உங்க வீட்டுக்குப் பக்கமா?" என்று கேட்டாள்.

லாரி அண்ணே, வீட்டு முகவரிக்கு ஆதாரம் கேட்பார்களா? கரண்டு பில், தண்ணீர் பில் எல்லாம் தோட்டத்தின் பெயரில் வருகிறது. என் பெயரில் ஒன்றுமே இல்லை.

ஈப்போ லாரிக்காரர்
2025 பிப்ரவரி 13, இரவு 8:15

தோட்டத்து வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆபீசில் மேனேஜர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்னார் எங்கள் ஊழியர், இந்த வீட்டில் குடும்பத்தோடு வசிக்கிறார், மனைவி உடன் தங்க ஆட்சேபமில்லை. மலாயில் இருக்கட்டும். சம்பளச் சீட்டு, இபிஎஃப் கணக்குத் தாள் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

போக வேண்டிய இடம் ஈப்போ மேரு ராயாவில் இருக்கும் உள்துறை அமைச்சின் கட்டடம். சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய அரைமணி நேர ஓட்டம். ஜேபிஎன்னும் இமிகிரேசனும் அங்கேதான். நான் ஐஎம்எம் 12, ஐஎம்எம் 55, அப்புறம் பிணைப் பத்திரம் மூன்றும் நிரப்பினேன். பிணைத் தொகை எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து மாறும். பத்திரத்துக்கு வருமான வரி இலாகா முத்திரை வேண்டும், அது இல்லாமல் போனால் அன்றைய நாள் போச்சு.

எங்கள் காலத்தில் அவள் வருவதற்கு முன்பே நான் இங்கே விண்ணப்பித்து, அனுமதிக் கடிதம் வந்து, அதைக் காட்டி அவள் சென்னையில் விசா எடுத்து வந்தாள். இப்போது 30 நாள் சலுகை இருப்பதால் எந்த வாசல் வழியாக வருவது என்பதை நீங்களே கவுண்டரில் போய்க் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். கேட்ட தேதி, சொன்ன அதிகாரியின் கவுண்டர் எண் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். மாமியார் பெயர், வீட்டில் எத்தனை அறை, எப்படிப் பழக்கம். பயப்பட ஒன்றுமில்லை. உண்மையாக வாழ்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரிந்த பதில்தான்.

பால்மரத்துப்பையன்
2025 அக்டோபர் 19, இரவு 10:50

இழையை மறுபடி திறக்கிறேன். நாளை தீபாவளி, எல்லாருக்கும் வாழ்த்துகள்.

ஆவணி மூன்றாம் வாரம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறு வாரமே சார் பதிவாளர் அலுவலகம். மாமாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், "அந்தக் கிராணி யாருடா, நல்ல மனுஷன்" என்று கேட்டார். மணமாகாதவர் சான்றை விஸ்மா புத்ரா முத்திரையோடு கொண்டுபோனதால் எந்தத் தடையும் இல்லை. பெயர் எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு பிழை. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அவர்கள் தட்டச்சு செய்தது ஒரு மாதிரி. அங்கேயே நின்று திருத்தி வாங்கினேன். லாரி அண்ணன் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான், பிறகு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்: கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள்.

சான்றொப்பம் இப்போது சென்னையில் நடக்கிறது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இந்தத் தீபாவளிக்கு அவள் அங்கே, நான் இங்கே.

பால்மரத்துப்பையன்
2025 டிசம்பர் 14, இரவு 9:05

வந்துவிட்டாள்!

கவுண்டரில் கேட்டுச் சொன்னபடிதான் செய்தோம். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டையை நானே இங்கிருந்து நிரப்பி அனுப்பினேன். வந்த மூன்றாம் நாள் மேரு ராயா. முதலில் ஜேபிஎன்னில் எங்கள் கல்யாணத்தைப் பதிந்தோம், ஆறு மாதத்துக்குள்தான். அப்புறம் இமிகிரேசன். ஒரு நகல் குறைந்தது, கீழே ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவளிடம் என் அம்மா பெயரைக் கேட்டார்கள். "அத்தை" என்று சொல்லி, அப்புறம் முழுப் பெயரையும் சொன்னாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இரண்டாம் முறை போனபோது பாஸ் கிடைத்தது, ஓராண்டுக்கு.

வரும் வழியில் காடியில் அவள் பாஸ்போர்ட்டில் பாஸ் ஒட்டிய பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு வந்தாள். கன்தான் தாண்டியதும் மழை. கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், நனைந்துவிடும் என்று. பாஸ்போர்ட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டாள். இப்போது அது அவள் பெட்டியில் இருக்கிறது.

பழைய கிராணி
2025 டிசம்பர் 15, காலை 8:30

மனசு நிறைந்தது தம்பி. பாஸ் முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதி, இரண்டு மாதம் முன்னால் ஒரு வட்டம் போடுங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்த பிறகு நிரந்தர வசிப்புக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு, விண்ணப்பிக்கலாம். எந்தப் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பாஸ்போர்ட் உட்பட எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அவர் அங்கே போய்ப் பெற்றெடுத்தால், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் சென்னைத் துணைத்தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். வளைகாப்புக்குப் பணம் சேர்க்கும்போதே அந்தப் பயணத்துக்கும் சேர்த்து வையுங்கள். இங்கேயே பிறந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் நம் 1 வெள்ளிக் கணக்கு அல்ல, முன்பணமும் கேட்பார்கள். எதுவானாலும் முன்கூட்டி விசாரித்து வையுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் தோட்டப்புற மக்களுக்கு டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற அமைப்பு உதவுகிறது. உங்கள் பக்கம் யாராவது இருந்தால் அனுப்புங்கள். அவனுக்குக் குடியுரிமை இன்னும் வரவில்லை. நான் விடவில்லை.

பட்டுக்கோட்டை மருமகள்
2025 டிசம்பர் 15, இரவு 7:45

தம்பி, வரும் ஞாயிறு காலையில் அவளைச் சந்தைக்குக் கூட்டி வாருங்கள். ஏழரைக்கு மீன்காரர் பக்கம் நிற்பேன், பச்சைக் குடை. மக்சிக்கிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

பால்மரத்துப்பையன்
2025 டிசம்பர் 15, இரவு 8:10

இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடுகிறேன் அக்கா. இப்போதே கூடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.